பைன் மரத்துப் பூச்சிக்கு அம்மா போட்ட ரவை

எனக்கு ஒரு வியாதி உண்டு. நன்றாகத் தெரிந்த விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொல்வேன். அரைகுறையாகத் தெரிந்ததை அடித்துச் சொல்வேன். அது முற்றியிருந்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. எண்பதுகளின் நடுவில், விலங்கியல் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, பயிர்ப் பாதுகாப்பு அலுவலகம் ஒன்றில் ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் கட்டடம் முழுக்க அம்மா வீடு வீடாகப் போய் "கவர்மெண்ட் உத்தியோகம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். ('தற்காலிகம்' என்பதை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள்.)

வேலை இதுதான். வெளிநாட்டு இயந்திரங்கள் பைன் பலகைப் பெட்டிகளில் வரும். அந்தப் பலகையில் ஒட்டிக்கொண்டு, பைன் மரங்களை அழிக்கும் அந்நிய அந்துப்பூச்சி ஒன்று உள்ளே நுழைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நுழைந்தால் இமயமலைப் பக்கத்துக் காடுகளுக்கு ஆபத்து. பம்பாயில் பைன் மரம் ஏது என்று கேட்காதீர்கள். துறைமுகத்தில் உடைத்த பெட்டிகளை வாங்கிப் புதுப் பெட்டி செய்யும் பட்டறைகள் தாராவியில் இருந்தன. என் பைன் காடு அதுதான்.

அப்படி ஒரு பட்டறை காதர் பாயுடையது. கடையநல்லூர்க்காரர். நான் லென்ஸும் இடுக்கியுமாகப் போய் நின்றதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"இருங்கம்மா. மொதல்ல சாயா குடிங்க. பூச்சி எங்க ஓடிறப் போவுது?"

ஐந்து நாள் பலகை பலகையாகப் பார்த்தேன். கனமானவற்றை அவரே புரட்டிக் கொடுத்தார். ஐந்தாம் நாள், ஒரு பலகையின் பட்டை இடுக்கில் இரண்டு வெள்ளைக் கூடுகள்! எனக்குக் கால் தரையில் இல்லை.

கூட்டிலிருந்து பூச்சி வெளியே வந்தால்தான் இனம் தெரியும். அலுவலகத்தில் எறும்புத் தொல்லை என்பதால், கண்ணாடி பாட்டிலில் மரத்தூள் நிரப்பிக் கூடுகளை அதில் வைத்து, வாயைத் துணியால் கட்டி, எங்கள் சமையலறை அலமாரியில் வைத்தேன். நான்காம் நாள் மரத்தூளுக்கு நடுவே வெள்ளையாகக் குருணை தெரிந்தது. பூச்சியின் எச்சம் என்று முடிவுகட்டி, 'வளர்ச்சி திருப்தி' என்று நோட்டில் எழுதினேன். (கூட்டுக்குள் தூங்குகிற பூச்சி தின்னவும் தின்னாது, கழிக்கவும் கழிக்காது. முதல் வருஷப் பாடம்.) பத்தாம் நாள் சாம்பல் நிறத்தில் மூன்று பூச்சிகள் பறந்தன. இரண்டு கூட்டிலிருந்து மூன்று எப்படி வந்தன என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. புத்தகத்துப் படமும் சாம்பல் நிறம்தான். போதாதா?

மேலதிகாரி குல்கர்ணி சார் நாக்பூர் போயிருந்தார். என் அறிக்கை அவருக்கும் மேலே இருந்தவர்களிடம் நேரே போனது. அதைப் படித்தால் யாருக்குமே பயம் வந்திருக்கும். புதன்கிழமை பட்டறைக்கு சீல் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை பலகை அத்தனையையும் எரிப்பதாக முடிவு.

நான் நீட்டிய பாட்டிலைக் காதர் பாய் உற்றுப் பார்த்தார். "யம்மா, இது எங்க வீட்டு அரிசி டின்னுலயும் பறக்குமே."

"அது வேற பாய், இது வேற" என்று லத்தீன் பெயரைச் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா இந்தப் பலகைதான் எங்க ஏழு பேருக்கும் சோறு. இன்னொருக்கா நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா."

நான் பார்க்கவில்லை. எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா கேட்டாள்: "ஏண்டி, அந்தப் பூச்சியெல்லாம் எங்கே? நான் போட்ட ரவையைத் தின்னு கொழுகொழுன்னு வந்துதே!"

"எந்த ரவை?"

"டப்பா அடியில கெடந்த பழைய ரவைதான். ரெண்டு நாள் பாத்தேன், நீ ஒண்ணுமே போடலை. நம்மாத்துக்கு வந்த ஜீவன் பட்டினி கெடக்கலாமோ?"

ரவை டப்பாவைத் திறந்தேன். என் அந்நியப் பூச்சியின் சொந்தபந்தம் அத்தனையும் உள்ளே குடியிருந்தது. சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் ஏழு பேர் பிழைப்பு போய்விடும். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், மறைப்பானேன்.

வெள்ளிக்கிழமை காலை, ஊர் திரும்பியிருந்த குல்கர்ணி சாரின் மேஜையில் பாட்டிலையும் ரவை டப்பாவையும் வைத்தேன். அவர் கூட்டைப் பிரித்தார். சிலந்தி முட்டையிட்டுக் காலி செய்த பை. பிறகு டப்பாவைப் பார்த்தார்.

"ரவா?"

"ரவா, சார்."

உடனே ஜீப்பில் தாராவிக்குக் கிளம்பினோம். பட்டறை வாசலில் பலகை ஏற்ற லாரி வந்து நின்றிருந்தது. சீலைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, "இந்தப் பெண்ணுக்கு இன்றோடு வேலை இல்லை" என்று காதர் பாயிடம் இந்தியில் சொன்னார்.

எனக்கு அதுதான் நியாயம் என்று பட்டது. பாய்க்குப் படவில்லை. "நஹி சாப்" என்று குறுக்கே வந்து நின்று, தன் பம்பாய் இந்தியில் வாதாடினார். அஞ்சு நாள் ஒரு பலகை விடாமல் பார்த்த பெண், தப்பு தெரிந்ததும் தானே ஓடிவந்து சொன்ன பெண், இவளைப் போகச் சொல்லிவிட்டு யாரை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று கேட்டார். குல்கர்ணி சார் ஜீப்பில் போய் உட்கார்ந்தார். பாய் என் பக்கம் திரும்பி, "அழாதீங்கம்மா, எரிக்கலைல்லா? சாயா குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

திங்கட்கிழமை குல்கர்ணி சார் அடுத்த பட்டறையின் முகவரியை நீட்டினார். வேலை நிலைத்தது, பின்னால் நிரந்தரமும் ஆனது. அதே துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றேன். அந்தச் சம்பளத்தில் நான் சாப்பிட்ட ஒவ்வொரு கவளத்திலும் காதர் பாய்க்குப் பங்குண்டு. இதைக் கூச்சமில்லாமல் சொல்வேன்.

என் கல்யாணத்துக்கு, எரிய இருந்த பலகையிலேயே ஓர் அரிசிப் பெட்டி செய்து கொண்டுவந்து வைத்தார். "மூடி சிக்குன்னு இருக்கும்மா, பூச்சி அடையாது." செம்பூர் வீட்டில் இன்றும் அதில்தான் அரிசி. சமையலறையில் எது பறந்தாலும் என் மகள், "அம்மா, இன்னிக்கு யார் கடைக்கு சீல்?" என்பாள்.

பாய் போய்ப் பல வருஷமாகிறது. மழைக்காலம் வந்தால் அவர் பெட்டியிலும் பூச்சி அடையத்தான் செய்கிறது. அதைப் பற்றி நான் இதுவரை யாருக்கும் அறிக்கை கொடுக்கவில்லை.