ஜுரம் பாய் விட்ட சாபம்

திருமுடிவாக்கத்தில் இருக்கிற அத்தனை தெர்மாமீட்டரையும் போட்டு உடைத்தாலும் குடி ஒன்றும் முழுகிவிடாது, ஜுரம் பாயின் வலது கை நன்றாக இருந்தால் போதும் என்று எங்கள் தெருவில் சொல்வோம். பாய் லாரி மெக்கானிக். நிஜப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். புறங்கையை இன்ஜின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "எப்பலேர்ந்து இப்டி கீது?" என்று டிரைவரைக் கேட்பார். பதில் சொல்லும்போது டிரைவர் இருமினால் அவன் நெற்றியையும் தொட்டுப் பார்ப்பார். "வண்டி நல்லா கீது, உனக்குத்தான் ஜுரம். போய் கஞ்சி குடி" என்று ஒருவனைத் திருப்பி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

அவர் ஷெட்டுக்கும் நான் வேலை பார்த்த லாரி புக்கிங் ஆபீசுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவர் ஃபேன் காற்று எனக்கும் வரும், அவர் வசவும் வரும். இன்னொரு விசேஷம், கழற்றிய எதையும் தூக்கி எறிய மாட்டார். வண்டி நம்பரை வெள்ளை பெயிண்டில் எழுதி, சுவரில் கம்பி கட்டித் தொங்கவிடுவார். போலீஸ் ஸ்டேஷனில்கூட சாட்சியத்தை அவ்வளவு ஒழுங்காக வைத்திருக்க மாட்டார்கள்.

ஒரு மார்ச் மாதம் செல்வம் தன் லாரியோடு வந்தான். சொந்த வண்டி, அவனே டிரைவர். சனிக்கிழமை காஷ்மீருக்கு லோடு. கூடவே அவன் மனைவி கலா, அஸ்தினாபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

"போன தடவ மலைமேல விரல் மரத்துப்போயி ஸ்டியரிங்கே பிடிக்க முடியல பாய் இவருக்கு. பள்ளத்துக்கு ஒரு முழம்தான் பாக்கியாம். ஹீட்டர் வேலை செஞ்சாத்தான் அனுப்புவேன்" என்றாள்.

இங்கே வருவதற்குள் வேறு இரண்டு ஷெட்டில் ஹீட்டரைப் பிரித்து மேய்ந்திருந்தார்கள். ஊதுகிற மோட்டாரைப் புதிதாகப் போட்டதில் காற்று மட்டும் பலமாக வந்தது. ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி வந்தது என்றான் செல்வம்.

பாய் ஹீட்டர் பக்கமே போகவில்லை. "டெம்பரேச்சர் முள்ளு எங்க நிக்குது?" என்றார்.

"அது எப்பவும் கீழயே படுத்துகினு கீது பாய். நம்ம இன்ஜின் சூடே ஆவாது" என்றான் செல்வம், பெருமையாக.

"அதான்டா சீக்கு" என்றார் பாய்.

வண்டியை இரவெல்லாம் ஆறவிட்டு, காலையில் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ரேடியேட்டருக்குப் போகிற மேல் ரப்பர் குழாயில் கையை வைத்துக் கண்ணை மூடினார். இன்ஜின் சூடாகிறவரை அந்தக் குழாய் ஜில்லென்று இருக்க வேண்டுமாம். இது ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுத்தது. உடனே வண்டியை நிறுத்தி, நாலு போல்ட்டைக் கழற்றி உள்ளே பார்த்தார். காலி.

"இங்க தெர்மோஸ்டாட் வால்வுன்னு ஒண்ணு இருக்கணும். இன்ஜின் சூடாவுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு வுடாம புடிச்சி வெக்கறது அதான். அது இல்லாம இன்ஜினே குளுர்ல கெடக்குது, ஹீட்டருக்கு எங்கேர்ந்து சூடு குடுக்கும்? மலைக்குப் போற வண்டில எவன்டா இத்த கய்ட்டினது? அவன் ஒரு வாரம் ஃபேன் இல்லாம வேர்த்து சாவணும்" என்று ஆரம்பித்தார். கால் மணி நேரம் ஓயவில்லை.

காலையிலேயே வந்துவிட்டிருந்த கலா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாய், அந்தக் கம்பியில மூணாவதா தொங்குறது எங்க வண்டி நம்பர்தானே?"

பாய் திரும்பிப் பார்த்தார். வெள்ளை பெயிண்டு அழியாமல் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மே மாதம், வண்டி கொதிக்கிறது என்று வந்தபோது இவரே கழற்றிய வால்வு. வண்டி சூடேறினால் வால்வைப் பிடுங்கிவிடுவது இந்தப் பக்கத்து ஷெட்களில் எல்லோரும் செய்கிற கைவைத்தியம். நம் ஊர் வெயிலில் ஹீட்டரைப் போட்டுப் பார்க்க யாருக்குப் பைத்தியம்?

"அப்பல்லாம் நீ காஞ்சிபுரத்த தாண்டி லோடு அடிச்சதில்லியேடா" என்றார் பாய், குரல் இறங்கி.

புது வால்வு வாங்கிவந்து, டீக்கடை அடுப்பில் சுடுதண்ணீரில் போட்டு, அது வாய் திறப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மாட்டினார். முள் எழுந்து நடுவில் நின்றது. மார்ச் வெயிலில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, செல்வத்தோடு கேபினில் கால் மணி நேரம் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் சொட்டச் சொட்ட இறங்கினார்கள். கலா தன் கையை உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு, "சரி, போயிட்டு வாங்க" என்றாள்.

லாரி கிளம்பியதும் பாய் ஷெட்டுக்குள் வந்து ஃபேனை நிறுத்தினார்.

"என்ன பாய், கரண்ட் இருக்கே?" என்றேன்.

"சாபம் வுட்டது நானு. வேற எவன் வந்து வேர்ப்பான்?"

ஆறு நாள் அந்தத் தகரக் கூரைக்கு அடியில் ஃபேன் சுற்றவில்லை. ஏழாம் நாள் மத்தியானம் செல்வம் போன் பண்ணினான். "சுத்தி பனி பாய். நான் பனியனோட ஓட்டிகினு கீறேன்."

பாய் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வியர்வை என்றார். பிறகு போய் ஃபேனைப் போட்டார்.

என் மேஜைக்கு மேலே தனியாக ஒரு ஃபேன் உண்டு. அந்த ஆறு நாளும் அதை நானும் போடவில்லை. அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.