சைரன் அக்காவும் பாதி குமாரும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் அத்தனை மிஷினும் ஒன்றாக ஓடினாலும் அமுக்க முடியாத ஒரே குரல், சைரன் அக்காவுடையதுதான். அவர் இங்கே 'தண்ணி கொண்டா' என்றால் பாடி மேம்பாலத்தில் லாரி பிரேக் போடும். நிஜப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது.

அவரை சூப்பர்வைசராக்க நினைத்த கம்பெனி ஒரே ஒரு நிபந்தனை போட்டது. கத்தாமல் பேசப் பழக வேண்டும். எங்கள் பயிற்சி மையத்துக்கு அனுப்பி வைத்தார்கள். கேமரா வைத்த ஒரு கம்ப்யூட்டர் கண்ணாடியைத் தலையில் மாட்டினால், நிஜ அறைக்குள்ளேயே குமார் என்கிற பொம்மைத் தொழிலாளி வந்து நிற்பதுபோல் தெரியும். ஷிப்டுக்கு லேட்டாக வந்தவன். காரணத்தைப் பக்குவமாகக் கேட்டு வாங்க வேண்டும். குமாருக்குக் குரல், திரைக்குப் பின்னால் மைக்கோடு உட்கார்ந்திருந்த அடியேன்.

முதல் நாள், "ஏன்டா லேட்டு?" என்றார். என் காது அடைத்துக்கொண்டது. கத்தினால் கிளம்பிவிட வேண்டும் என்ற விதிப்படி குமார் வெளிநடப்பு செய்தான். மறுநாள் வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு வந்தார். கிராம்பு பறந்ததுதான் மிச்சம்.

பயிற்சியாளர் கையெடுத்துக் கும்பிட்டார். "விட்டுடுங்கம்மா, இது உங்களுக்குச் சரிப்படாது."

"இன்னா சார் உட்றது? எத்தினி வருசமா அந்த லைன்ல நின்னுகினு கீறேன்! சூப்பர்வைசர் ஆவாம உட மாட்டேன்!"

கடைசி வாய்ப்பு, ஆயுத பூஜை சமயம். அக்கா சும்மா இருப்பாரா? நாங்கள் டீ குடித்து வருவதற்குள் கண்ணாடிக்குச் சந்தனம் பூசி, குங்குமமும் வைத்துவிட்டார். சரியாக அதன் கேமராக்கள் மேலேயே! அவர் அதை மாட்டியதும், தரை எங்கே இருக்கிறதென்று தெரியாமல் கண்ணாடி குழம்பிப்போனது.

"ஐயோ சார்! குமாரு இடுப்பு வரைக்கும் தரைல பொதஞ்சிகினு கீறான்!"

பயிற்சியாளர் நிறுத்தச் சொல்வதற்குள், அக்கா அவன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். முகத்துக்கு முகம். குரல் தானாக இறங்கியது.

"இன்னா நைனா, மூஞ்சி வாடிக் கீது? ஏன் லேட்டு?"

எனக்கு எழுதிக் கொடுத்திருந்த பதில், 'பட்டாபிராமில் ரயில் லேட்டு'. ஆனால் அன்று காலைதான் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, லீவு கேட்கப் பயந்து வேலைக்கு வந்திருந்தேன். அதுதான் வாயில் வந்தது.

"அம்மாவ ஆஸ்பத்திரில சேத்துருக்குக்கா."

"அடப்பாவி! அவங்கள உட்டுட்டு இங்க இன்னா பண்ற? கெளம்பு. ஷிப்ட நான் பாத்துக்கறேன்."

அக்கா பாஸ் என்று அறிவித்தார்களாம். கைதட்டினார்களாம். நான் பார்க்கவில்லை. அக்கா சொன்ன பிறகு யார் அங்கே உட்கார்ந்திருப்பார்கள்? மைக்கை வைத்துவிட்டு அம்மாவிடம் ஓடிக்கொண்டிருந்தேன்.