பிரிஜட் நெஞ்சில் கட்டிய பெல்ட்

மாதா துணை

ஆங் மோ கியோ,
ஆகஸ்ட் 1986

அன்புள்ள தம்பி இயேசுதாசனுக்கு அக்கா அந்தோனியம்மாள் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு என் முட்டிவலி தவிர யாவரும் நலம். சிரம்பானில் நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

நிற்க. ஓட்டம் பழகணும்னு நீ என் வீட்டுல விட்டுட்டுப் போன உன் மக பிரிஜட்டை உடனே வந்து கூட்டிட்டுப் போ. கோச் கபீர் மாஸ்டர் புதுசா ஒரு மிஷின் வாங்கியிருக்காரு, நெஞ்சைச் சுத்தி ஒரு பெல்ட், கையில ஒரு வாட்ச், நெஞ்சு எவ்வளவு வேகமா அடிக்குதுன்னு வாட்சுல நம்பர் வருது. உள்ளத்தைப் பாக்குறவர் ஆண்டவர் ஒருத்தர்தான்னு இருந்தேன், இப்ப கபீர் மாஸ்டரும் பாக்குறாரு. அதை வீட்டுக்கும் குடுத்தனுப்பிப் பாத்தா, காலையில எழுந்ததுமே உன் மக நெஞ்சு ஓடி முடிச்ச மாதிரி அடிக்குதாம். "வீட்டுல நிம்மதி இல்ல போல. இப்படியே இருந்தா அடுத்த மாசப் போட்டிக்கு எடுக்க முடியாதுலா"ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றாரு. என் வீட்டுலயா நிம்மதி இல்ல? விடியக்காலம் எழுப்பி முட்டி போட வச்சு ஜெபமாலை சொல்றோம், நடுநடுவுல அவ போடுற அரை டவுசரைப் பத்தியும் நரகத்தைப் பத்தியும் நாலு நல்ல வார்த்தை சொல்றேன், அவ்வளவுதான்.

மிஷின் பொய்னு காட்ட, ஞாயித்துக்கிழமை பெல்ட்டை நானே ரவிக்கைக்குள்ள கட்டிக்கிட்டு, வாட்சை பிரிஜட் கையில குடுத்துப் பூசைக்குப் போனேன். பிரசங்கம் முழுக்க எழுபதைத் தாண்டல. பாத்தியாடி என் மன அமைதியைன்னேன். "தூங்குனீங்க அத்தை"ங்கிறா. கடைசியில, வருஷக்கணக்கா நான் எடுத்துப் பாடுற மாதா பாட்டை அந்த அல்போன்சம்மாள் எழுந்து பாடுறா, புதுப் பட்டுச்சேலை, சுருதி மட்டும் பழசு. வாட்ச் நூத்தி நாப்பதுக்குப் போயிருச்சு.

"அத்தை, ரேஸ் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"அது பக்திடி."

"சாமியார் நற்கருணையைத் தூக்கிக் காட்டுனப்ப எழுபதுதானே இருந்துச்சு?"

கோயில்லயே பொய் சொல்ற மிஷின் பேயோட வேலைதான். சனிக்கிழமை பஸ்ஸுல வந்து பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் டைப்பிங் கிளாசுல சேத்துவிடு.

உன் சர்க்கரை வியாதிக்கு அந்தோனியாரை வேண்டிக்கிறேன், நீயும் லட்டைக் குறை. உன் மனைவிக்கு என் ஆசீர்.

உனக்காக மன்றாடும்
அக்கா அந்தோனியம்மாள்

பின்குறிப்பு: தபாலில் போடுறதுக்குள்ள எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, இந்த வாரம் பூரா ஒரு வார்த்தை பேச முடியல. மாதா செஞ்ச புதுமையைப் பாரு, அதே வாரம் பிரிஜட் நெஞ்சு நிதானமா அடிக்க ஆரம்பிச்சிருச்சு, மாஸ்டர் போட்டிக்கு எடுத்துட்டாரு. கூட்டிட்டுப் போக வராதே, ஓடுறதைப் பாக்க வா. மிஷின் நல்ல மிஷின்தான். இந்த ஞாயித்துக்கிழமைக்கு மாஸ்டர்கிட்ட கேட்டு வாங்கி வச்சிருக்கேன். அல்போன்சம்மாளுக்குக் கட்டிப் பாக்கணும்.