விசிலை மட்டும் நம்புங்கள்

"ஆட்டம் முடிஞ்சுது! எல்லாரும் வெளியே வாங்க!" என்று டீச்சர் மறுபடியும் கத்தினாள்.

தோப்பில் ஒரு இலைகூட அசையவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் அதற்குள்தான் எங்கோ ஒளிந்திருந்தார்கள். வகுப்பில் இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல வாயை மூடத் தெரியாத கூட்டம். இப்போது ஒரு இருமல், ஒரு தும்மல் இல்லை.

விசில் ஊதினால் வந்துவிடுவார்கள். அந்த விசிலைத்தான் காணோம்.

கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வகுப்பிலேயே சின்ன உருவமான கட்டெறும்புக்கு ஷூ லேஸ் கட்டிவிடக் குனிந்தபோது, அது அந்தப் பெண்ணின் நெற்றியில் போய்ப் போய் இடித்தது. கழற்றிக் கைப்பை மேல் வைத்தாள். பிறகு பிள்ளைகள் ஒளிந்துகொள்வதற்காகக் கண்ணை மூடி எண்ணினாள். கண்ணைத் திறந்தபோது கைப்பை இருந்தது, விசில் இல்லை. பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தாள். சீப்பு, உடைந்த சாக்பீஸ், தலைவலி மாத்திரை, போன மாதம் தொலைந்துபோன வீட்டுச் சாவி எல்லாம் விழுந்தன.

"பிஸ்கட் தரப் போறேன்! முதல்ல வர்றவங்களுக்கு ரெண்டு!"

ஒரு புதருக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "இது பழசு டீச்சர்."

பாய்ந்துபோய்ப் புதரை விலக்கினாள். காலி.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். டீச்சர் ஒரு வாரம் முழுக்கத் திட்டம் போட்டுக் கெட்டிருந்தாள். 'விலங்குகள் ஒளிந்து தப்பிப்பது எப்படி' என்ற பாடத்துக்காகப் பிள்ளைகளை மேசைக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் ஒளியவைத்துப் பழக்கினாள். "நான் ஏமாத்தப் பாப்பேன், ஏமாறக் கூடாது. என் வாயால வர்ற எதையும் நம்பாதீங்க. விசிலை மட்டும் நம்புங்க" என்றாள். பிறகு பெல் அடித்துவிட்டது என்றாள், பிஸ்கட் என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஹெச்.எம். குரலில் "என்ன இங்க சத்தம்?" என்றுகூடக் கேட்டாள். முதல் நாள் பாதி வகுப்பு ஏமாந்து எழுந்து வந்தது. வாரக் கடைசியில் ஒருத்தரும் அசையவில்லை. அன்றைக்கு அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

சரி, சுற்றுலா வந்த சாகச முகாமில் இந்த ஆட்டம் எதற்கு? உண்மையைச் சொல்வதென்றால், தோப்புக்கு அந்தப் பக்கம் இருந்த கயிற்றுப் பாலத்துக்குத்தான். கீழே ஓடை, மேலே இரண்டு கயிறு, நடுவில் ஆடுகிற பலகைகள். 'நாலு மணிக்கு மணி அடித்ததும் பாலம் மூடப்படும்' என்று முகாம் வாசலிலேயே பெரிய எழுத்தில் போர்டு. ஹெச்.எம். தெளிவாகச் சொல்லியிருந்தார். "நீங்க முன்னாடி நடக்கணும்மா, பிள்ளைங்க பின்னாடி வரணும். நானே வந்து போட்டோ எடுத்துக்கறேன். அது நல்லபடியா முடிஞ்சா உங்க நிரந்தர ஆர்டர்ல கையெழுத்து."

நாலு வருஷமாகத் தற்காலிக டீச்சராகவே இருப்பவள். அந்தக் கையெழுத்துக்காக மலையைக்கூடப் புரட்டுவாள். ஆனால் ஏறமாட்டாள். சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்ற ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றுகிற ஆள். பாலத்துக்குப் பயிற்சி என்று வகுப்பில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டபோது பிள்ளைகள் ஓடியே கடந்தார்கள். அவள் முறை வந்ததும் ஏறினாள், "போன் வருது" என்றாள், இறங்கினாள். போன் மேசையில் செத்த எலி மாதிரி கிடந்தது. யாரும் கவனிக்கவில்லை என்று நம்பினாள்.

ஆகவேதான் பாலத்தைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போட இந்த ஒளியும் ஆட்டம்.

பஸ்ஸுக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவரை எழுப்பினாள். "அண்ணே, உங்களுக்கு விசில் அடிக்கத் தெரியுமா?"

"அந்தக் காலத்துல அடிச்சா பக்கத்து ஊர் நாய் எந்திரிச்சு வரும் டீச்சரம்மா." இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினார். காற்று மட்டும் வந்தது. "முன் பல்லு ரெண்டு போனதுலேருந்து இப்படித்தான்."

"அப்ப ஹாரனாவது அடிங்க!"

டிரைவர் அடித்தார். நிறுத்தாமல் அடித்தார். தோப்பு முழுவதும் சரசரவென்று இலைகள் ஆடின. டீச்சரின் முகம் மலர்ந்தது. பிறகுதான் தான் நடத்திய பாடம் நினைவுக்கு வந்தது. 'பெரிய சத்தம் கேட்டால் விலங்குகள் இன்னும் உள்ளே ஓடிவிடும்.'

"நிறுத்துங்கண்ணே, நிறுத்துங்க!"

இலைகள் அடங்கின. இதுவரை பக்கத்தில் ஒளிந்திருந்தவர்களும் இப்போது தூரத்தில் ஒளிந்திருந்தார்கள்.

சத்தம் கேட்டுக் கயிறு மாஸ்டர் ஓடிவந்தார். பாலத்துக்குப் பொறுப்பாளர். தோளில் கயிற்றுச் சுருளை இறக்கியே வைக்காததால் வந்த பேர்.

"மாஸ்டர், உங்ககிட்ட விசில் இருக்கா?"

"எங்களுக்கு மணிதாங்க. நாலு மணிக்கு அடிப்பேன். அதுக்கப்புறம் பாலத்துல காக்காவைக்கூட உக்கார விடமாட்டேன்." சுற்றுமுற்றும் பார்த்தார். "பிள்ளைங்க எங்க?"

"இருக்காங்க."

"எங்க இருக்காங்க?"

"அதான் தெரியல."

மாஸ்டரின் குரல் தணிந்தது. "ஓடைப் பக்கம் வேலி ஒரு இடத்துல பிஞ்சு கெடக்கு டீச்சர். நாளைக்குத்தான் கட்டலாம்னு இருந்தேன்."

மாஸ்டரும் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். டீச்சர் ஓடையை நோக்கி இரண்டடி வைப்பதற்குள் ஹெச்.எம்.மின் கார் வந்து நின்றது.

கேமராவோடு இறங்கினார். "என்னம்மா, ஒரு சத்தத்தையும் காணோம்?"

"பாடம் நடக்குது சார். எல்லாரும் ஒளிஞ்சிருக்காங்க."

"இத்தனை பேருமா? பிரமாதம்! சரி, கூப்பிடுங்க. வெளிச்சம் நல்லா இருக்கும்போதே பாலத்துல போட்டோ எடுத்துடலாம்."

"இன்னும் கொஞ்சம் போகட்டும் சார்."

"வேணாம், நானே கூப்பிடறேன்." அவர் தொண்டையைச் செருமினார். "பிள்ளைங்களா! நான் ஹெச்.எம். பேசறேன்! எல்லாரும் உடனே வெளியே வாங்க!"

அமைதி. பிறகு எங்கோ ஒரு மரத்தின் மேலிருந்து வகுப்புக் குறும்பன் வாலுவின் குரல் கேட்டது. "டீச்சர், கிளாஸ்ல இதைவிட நல்லா பண்ணீங்க!"

வேறொரு மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஹெச்.எம். கேமராவை மெதுவாகக் கீழே இறக்கினார். "எதை நல்லா பண்ணீங்க?"

ஆர்டர் போச்சு என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் ஓடைப் பக்கமிருந்து கயிறு மாஸ்டர் கத்தினார். "டீச்சர்! இங்க ஒரு தொப்பி மிதக்குது!"

ஆர்டரும் மறந்தது, ஹெச்.எம்.மும் மறந்தார். அவள் ஓடினாள். முள் கிழித்ததோ செருப்பு ஒன்று வழியில் தங்கிவிட்டதோ தெரியவில்லை. தண்ணீரில் மஞ்சள் தொப்பி ஒன்று கல்லில் மாட்டிச் சுழன்றுகொண்டிருந்தது. உள்ளே மை பேனாவால் மூக்குக்கண்ணாடிப் படம் வரைந்திருந்தது. வகுப்பில் கண்ணாடி போட்ட ஒரே பையன் சோடாபுட்டியின் தொப்பி.

முழங்கால் தண்ணீரில் இறங்கி இரண்டு கையாலும் துழாவினாள். சேறுதான் வந்தது. "கண்ணா! எங்கடா இருக்க? இது ஏமாத்து இல்லடா! நெஜமா கூப்பிடறேன்!" ஒரு வாரமாகத் தான் சொன்ன பொய்கள் ஒவ்வொன்றும் அவள் நினைவுக்கு வந்தன. நெஜம் என்று சொல்லத் தன்னிடம் ஒரு வார்த்தைகூட மிச்சம் இல்லை என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

பின்னாலேயே வந்த ஹெச்.எம். கரையில் நின்றார். அவர் முகத்திலும் ரத்தம் இல்லை.

"விசிலைத் தொலைச்சுட்டேன் சார்" என்றாள் டீச்சர். "விசில் இல்லாம வராதீங்கன்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பாலத்துக்குப் பயந்து நான்தான் இந்த ஆட்டத்தை ஆரம்பிச்சேன். ஆர்டர் வேணாம், ஒண்ணும் வேணாம். பிள்ளைங்களைத் தேடுங்க சார்."

ஹெச்.எம். பேன்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கயிறு மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இருங்க, மணியை அடிச்சு முகாம்ல இருக்கற ஆளுங்களைக் கூப்பிடறேன். எப்படியும் பாலம் மூடற நேரம்தான்." ஓடிப்போய்ப் பாலத்தின் தலைப்பில் தொங்கிய மணியை அடித்தார்.

மணியின் ஓசை அடங்கியது. அடுத்த நொடி, தோப்பின் நடுவிலிருந்து நீளமாக ஒரு விசில் சத்தம் கேட்டது.

மரங்களிலிருந்து பிள்ளைகள் குதித்தார்கள். புதர்களிலிருந்து ஊர்ந்து வந்தார்கள். ஒருத்தன் பஸ்ஸுக்கு அடியிலிருந்தே வந்தான். கரைக்கு மேலே இருந்த மரத்திலிருந்து, தொப்பி இல்லாத தலையோடு சோடாபுட்டி சறுக்கி இறங்கினான். "காத்துல பறந்துடுச்சு டீச்சர்" என்றான். அவனை ஈரக்கையோடு அப்படியே கட்டிக்கொண்டாள். பிறகு எண்ணினாள். நம்பாமல் மறுபடி எண்ணினாள். எல்லோரும் இருந்தார்கள்.

"பாலம்?" என்று ஹெச்.எம். மாஸ்டரைக் கேட்டார்.

"மணி அடிச்சாச்சு சார். இனி நாளைக்குத்தான்."

ஹெச்.எம். ஈரக் காலோடு காரை நோக்கி நடந்தார். டீச்சர் தலைகுனிந்து பின்னால் போனாள். கதவைத் திறந்தவர் திரும்பினார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல மூணாங்கிளாஸ் இவ்வளவு நேரம் சத்தம் போடாம இருந்து நான் பாத்ததில்லை. போட்டோவுக்காகப் பாலம் ஏறச் சொன்னது என் தப்பு. பயம்னு அப்பவே சொல்லியிருக்கலாம்லம்மா? திங்கக்கிழமை வந்து ஆர்டரை வாங்கிக்குங்க." ஏறி உட்கார்ந்த பிறகு கண்ணாடியை இறக்கினார். "என் குரலை மட்டும் விட்டுடுங்க."

பஸ் கிளம்பியது. பிள்ளைகள் வழக்கம்போல் காதைக் கிழித்தார்கள். டீச்சருக்கு அந்தச் சத்தம் தேனாக இனித்தது. ஒற்றைச் செருப்போடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். யார் ஊதியது என்பது மட்டும் பிடிபடவில்லை.

கட்டெறும்பு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. வகுப்பில் கேள்வி கேட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிற பெண். மூடியிருந்த கையை டீச்சரின் மடியில் வைத்து விரித்தது. விசில்.

"உன்கிட்டயா இருந்துச்சு? ஏண்டி செல்லம் முன்னாடியே ஊதல?"

கட்டெறும்பு அவள் காதருகே வந்து மெல்லச் சொன்னது. "பெஞ்சு மேல ஏறினதுக்கே உங்க கால் நடுங்குச்சுல்ல டீச்சர்? அதான், பாலத்தை மூடற வரைக்கும் ஒருத்தரும் வெளிய வரக் கூடாதுன்னு எல்லாரும் பேசி வச்சுக்கிட்டோம்."