ஆறு தோட்டாவும் நாலு சுவரும்

சென்னை மாநகரில் ஆறே ஆறு தோட்டா வாங்க இரண்டு வருஷம் யோசித்த ஒரே பிரகிருதி எங்கள் தோட்டா சார்தான். வேறு யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், பந்தயம். பெண் பார்க்கப் போனபோதுகூட மனிதர் இவ்வளவு யோசிக்கவில்லையாம். அவர் மனைவி டீச்சரே சொல்வார்: "என்னைப் பாத்துட்டு அரை மணி நேரத்துல சரின்னுட்டாரு. யோசிக்க வேண்டியது அப்ப! இப்ப உக்காந்து யோசிக்கிறாரு."

'உக்காந்து' என்று டீச்சர் சொன்னது ஒரு பேச்சுக்கு. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மயிலாப்பூரும் சாந்தோமும் உரசிக்கொள்ளும் ஒரு சந்தில் எங்கள் மூன்று மாடிக் கட்டடம். முதல் மாடியில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் அவர் நடப்பது இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். ஹாலிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து ஹால். சாப்பிடும்போதுகூடத் தட்டை ஏந்திக்கொண்டு நடப்பார்.

தி.நகரில் ஒரு நகைக்கடையில் வேலை பார்த்தவர். பட்டறைக்கும் கடைக்கும் நடுவே நகைப்பெட்டி கொண்டுபோகிற பொறுப்பு. அதற்காக லைசென்ஸ் எடுத்து ஒரு ரிவால்வரும் வைத்திருந்தார். ஓய்வு பெற்ற பிறகு அது பீரோவில் துணிமணியோடு கிடந்தது. பழைய தோட்டாக்கள் பச்சை பூத்துப் போனதால் வாங்கிய துப்பாக்கிக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

அப்புறம் வந்தது வினை. பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் எவனோ பூட்டை உடைத்து வீட்டைத் துடைத்துவிட்டான். பட்டப்பகலில்! சார் அன்றே தோட்டா வாங்குவதென்று முடிவு செய்தார். எந்தத் தோட்டா என்பதில்தான் இரண்டு வருஷம் போனது.

"கதவுக்கு இன்னொரு தாழ்ப்பா போட்டாப் போதாதா?" என்றார் டீச்சர்.

"தாழ்ப்பா வெளிய இருக்கிறவனுக்கு. உள்ள வந்துட்டான்னா?"

"உள்ள வந்தா அவனே பாவம். நீங்க நடக்கிறதப் பாத்துத் தலை சுத்தி விழுந்துடுவான்."

சார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செல்போனில் ஒரு வெள்ளைக்காரன் நாள் முழுக்கத் தர்பூசணிகளைச் சுட்டுக்கொண்டிருந்தான். அதை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "இதப் பாருங்க தம்பி, இது துளைச்சுக்கிட்டே போயிடுது. இது இருக்கே, உள்ள போனதும் பூ மாதிரி விரிஞ்சு அங்கயே நின்னுடுது."

"சார், தர்பூசணி திருட வந்தா எது நல்லது?"

"நக்கலு! துளைச்சுக்கிட்டுப் போறது எங்க போகும்னு யோசிச்சீங்களா?"

சத்தியமாக யோசிக்கவில்லை. அவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தன் ஹால் சுவரில் மாதா படத்துக்குக் கீழே ஒரு ஓட்டையைக் காட்டினார். போன மாதம் நான் என் வீட்டில் கடிகாரம் மாட்ட டிரில் போட்டபோது விழுந்த ஓட்டை. அவ்வளவு ஒல்லிச் சுவர். "உங்க டிரில்லே இந்தப் பக்கம் எட்டிப் பாத்துச்சு. தோட்டா அந்தப் பக்கம் வராதா?"

மறுநாள் சாயங்காலம் இன்ச் டேப்போடு வந்து நின்றார். "பாப்பா எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்குது?"

என் ஏழு வயது மகளின் கட்டில் சரியாக அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. சமையலறையில் என் மனைவி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அவரோ அளந்து முடித்து, கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு "தூக்குங்க" என்றார். ஜன்னல் பக்கம் போட்டோம். இரண்டு நாளில் வந்து, "அந்தக் கோணமும் சரியில்ல" என்று வேறு மூலைக்குத் தள்ளினார். மகளுக்கு ஏகக் கொண்டாட்டம். என் இடுப்புதான் போனது.

மேல் மாடி மாமியிடமும் போனார். அங்கே மாமா மதியம் முழுக்க ஊஞ்சலில் படுத்திருப்பார். ஊஞ்சலை மாற்றச் சொன்னதும் மாமி பொரிந்து தள்ளிவிட்டார். "எங்காத்துல யார் எங்க படுத்துண்டா உங்களுக்கென்ன? ஊஞ்சலைக் கழட்டணும்னா, முதல்ல நீங்க அந்தத் துப்பாக்கியைக் கழட்டிக் கடல்ல போடுங்கோ!"

சரி, தோட்டாவை வாங்கித் தொலைத்தாலாவது அலைச்சல் நிற்கும் என்று நானே அவரை ஸ்கூட்டரில் ஏற்றி மவுண்ட் ரோடு பக்கம் ஒரு துப்பாக்கிக் கடைக்குக் கூட்டிப் போனேன்.

"பூ மாதிரி விரியுற தோட்டா குடுப்பா."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், பூக்கடைன்னு நெனச்சிக்கினு வந்துட்டியா? உன் லைசென்சுக்கு ஒரே வகைதான் கீது. வோணும்னா எட்துக்கினு போ."

இத்தனை நாள் கடையிலேயே இல்லாத சாமானைத் தேடியிருக்கிறார் மனிதர்! நான் சிரிப்பை அடக்க முடியாமல் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன். சார் விடவில்லை. "இது நாலரை இன்ச் சுவத்துல நின்னுடுமா?"

"நிக்கிறதுக்கா சார் செஞ்சிகீறாங்க? அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும்."

சார் லைசென்ஸ் புத்தகத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். இப்படி ஐந்து தடவை. ஐந்து தடவையும் அதே கேள்வி, அதே பதில், அதே ஸ்கூட்டர், அதே ஏமாளி நான்.

ஒருநாள் என் மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டாள். "ஒண்ணு அவர் துப்பாக்கி இருக்கணும், இல்ல நாம இருக்கணும். பாலவாக்கத்துல ஒரு வீடு பாத்துட்டேன். அவர் வாங்கிட்டு வர்ற அன்னிக்கு நான் புள்ளையோட கெளம்பிடுவேன்." அவள் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கும் கோபம் தலைக்கேறியது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று அடுத்த வீட்டுக் கதவைத் தள்ளினேன்.

உள்ளே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. டீச்சர்தான் திருடன். கையில் முருங்கைக்காய் துருத்திக்கொண்டிருக்கும் காய்கறிப் பை. சார் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் துப்பாக்கியாக நீட்டிக்கொண்டு படுக்கையறை வாசலில் நின்றார். திருடனைக் குறிவைத்தார். திருடனுக்குப் பின்னால் என் வீட்டுச் சுவர். விரலை இறக்கிவிட்டார்.

"டீச்சர், இப்படி நகரு." நகர்ந்தார். பின்னால் ஜன்னல், கீழே தெருவில் பள்ளிக்கூட வேன். இறக்கினார். மேலே உயர்த்தினார். மாமாவின் ஊஞ்சல் கிறீச்சிட்டது. தரையைப் பார்த்தார். கீழே வாட்ச்மேன் குடும்பம். இன்னும் ஒரு முறை சுற்றினார். நெற்றியெல்லாம் வேர்வை.

"சீக்கிரம் சுடுங்க, சாம்பார் வெக்கணும்" என்றார் திருடன்.

சார் சுடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆமாம், உட்கார்ந்தார். நாலு வார்த்தை கேட்க வந்த நான் போய் மின்விசிறியைப் போட்டேன்.

"எப்படிச் சுட்டாலும் யாராவது ஒருத்தர் இருக்கீங்க, தம்பி" என்றார்.

அடுத்த மாதம் தேர்தல் அறிவிப்பு வந்தது. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முதல் ஆளாகப் போய்க் கொடுத்தார். தேர்தல் முடிந்து, ஜெயித்தவர்கள் போட்ட மாலையெல்லாம் காய்ந்த பிறகும் திரும்ப வாங்கப் போகவில்லை. ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அல்லாரும் வாங்கிக்கினு பூட்டாங்க சார். உன்னுது மட்டும்தான் கீது."

"அங்கயே இருக்கட்டும்பா. லைசென்ஸையும் சேத்துக் குடுத்துடறேன், யாருக்கு எழுதணும்னு சொல்லு."

போலீஸ்காரர் போனதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இனிமே திருடன் வந்தா என்ன சார் பண்ணுவீங்க?"

"கத்துவேன்" என்றார். "நீங்க வர மாட்டீங்களா?"

கேலியாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். "வருவேன் சார்" என்று மட்டும் சொன்னேன்.

பாலவாக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை போன் செய்தார். கடற்காற்று, குறைந்த வாடகை, மகளுக்குத் தனி அறை, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அங்கேயிருந்தால் தோட்டா சார் கத்தினால் எங்களுக்குக் கேட்காது.