வாங்கு என்பது பட்டனின் பெயர்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நீயும் வீட்டில் உள்ளவர்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே சௌக்கியமாக இருப்பவை நான் செய்து வைத்திருக்கும் பல் செட்டுகள் மட்டுமே.

விஷயம் உன் அக்காவைப் பற்றியது. கண்மூடுவதற்கு முந்தின வருஷம் ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு ஒலிப்புத்தகம் வாசித்துவிட்டு வந்தாளே, 'ஈறுகளைப் பேணுவோம்' என்று, ஞாபகம் இருக்கிறதா? உலகத்தில் எத்தனையோ புத்தகம் இருக்க, பல் கட்டிப் பிழைப்பவன் பெண்டாட்டி, கடைசிவரை சொந்தப் பல்லோடு இருப்பது எப்படி என்று வாசித்தாள். என் பிழைப்பில் மண்ணைப் போட்டதற்குச் சம்பளம் வேறு. அதை நான் காசு கொடுத்துப் போனில் வாங்கி வைத்திருந்தேன். அவள் போனபிறகு தினமும் அதைப் போட்டுவிட்டுத்தான் பட்டறையில் மெழுகை உருக்குவேன். போட்டோவில் சிரிப்பாள், பேசமாட்டாள். இதில் பேசுவாள். "மெதுவாக, வட்டமாகத் தேய்க்கவும்" என்பாள், நானும் பிளாஸ்டர் அச்சை மெதுவாக, வட்டமாகத் தேய்ப்பேன். வேறு எதிலும் அவள் குரல் கிடையாது, மச்சான்.

போன திங்கட்கிழமை பார்த்தால் புத்தகத்தைக் காணோம். இருந்த இடத்தில் 'தற்போது கிடைக்கவில்லை' என்று ஒரு சாம்பல் கட்டம். போனை அணைத்துப் போட்டேன், தட்டினேன், பக்கத்து சலூன்காரர் வாங்கிச் சட்டையில் துடைத்துக்கூடக் கொடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. புத்தகத்தை விற்ற கம்பெனிக்கே போன் போட்டேன், பாட்டு மேல் பாட்டாகப் போட்டு, ஒருவழியாக ஒரு பெண் பேசினாள்.

"பதிப்பாளரோட ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு சார். அதான் எடுத்துட்டாங்க."

"நான் காசு குடுத்து வாங்கினதும்மா."

"நீங்க புத்தகத்தை வாங்கலை சார். கேக்கறதுக்கு அனுமதிதான் வாங்கியிருக்கீங்க."

"அப்புறம் ஏன் 'வாங்கு'ன்னு போட்டிருக்கு?"

"அது பட்டனோட பேரு சார்."

எப்படி இருக்கிறது பார்! பல் செட்டை விற்றுவிட்டு, ஒப்பந்தம் முடிந்தது என்று, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மனுஷன் வாயிலிருந்து நான் கழற்றிக்கொண்டு வந்தால் சும்மா விடுவார்களா? பதிலுக்கு வேறு புத்தகம் இலவசமாம், 'முடி உதிர்வைத் தடுப்போம்'. என் தலையை நீ பார்த்திருக்கிறாய். யோசித்தால், ஆயுசில் நான் வாங்கியதில் யாரும் திருப்பிப் பிடுங்க முடியாதது உன் அக்காவிடம் வாங்கிய திட்டு ஒன்றுதான். அதிலும் வார்த்தையெல்லாம் ஞாபகம் இருக்கிறது, குரல் வரமாட்டேன் என்கிறது. பயமாக இருக்கிறது, மச்சான்.

நான் விடுவதாக இல்லை. நஷ்டஈடு வேண்டாம், புத்தகத்தைத் திருப்பித் தரும்வரை ஓயமாட்டேன் என்று புகார் எழுதிப் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் வக்கீல் நண்பரோடு அவசியம் வா. கோர்ட்டில் ஒரு கை பார்த்துவிடுவோம்.

தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசிகள். மிட்டாய் நிறையத் தின்னட்டும், பிற்காலத்தில் மாமா கடையும் ஓட வேண்டாமா?

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கம்பெனியிலிருந்து செய்தி. புது ஒப்பந்தமாம், புத்தகம் திரும்ப வந்துவிட்டது. உடனே போட்டேன். அதே தலைப்பு, அதே வரிகள். வாசிப்பது வேறு யாரோ ஒரு பெண். நன்றாகத்தான் வாசிக்கிறாள், குறை சொல்ல முடியாது. கடைசியில், 'உங்கள் புகார் தீர்ந்ததா?' என்று கேட்டிருந்தார்கள். 'இல்லை' என்றால், காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் திறக்கிறது. அதில் என்னவென்று எழுதுவது? 'தீர்ந்தது' என்று அழுத்திவிட்டேன். நீ ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்.