நாற்பது புத்தகம் படிக்காமல் மோட்சம் போனவன்

பாவசங்கீர்த்தனம் கேட்கும் சாமியார் சிரித்து நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். பொய் சொன்னேன் சாமி என்றேன். எத்தனை என்றார். நாற்பது புத்தகம் என்றேன். தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், பாவம், அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அவரிடம் சொன்னதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. (கொஞ்சம் இருக்கிறது.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மவுண்ட் ரோடில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. மயிலாப்பூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு. குமாஸ்தாவாக இருந்தாலும் அறிவாளி என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்ற ஆசையில் ஒரு பதிப்பகத்துக்குச் சந்தா கட்டியிருந்தேன். மாதம் ஒரு புத்தகம் தபாலில் வரும். வந்ததை அலமாரியில் அடுக்குவேன். அடுக்குவதோடு சரி. பெண் பார்க்கப் போன இடத்தில் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார்கள். வாசிப்பு என்று சொல்லித் தொலைத்தேன். பிலோமினா நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்காக அகராதியைக்கூடப் படித்திருக்கிறேன் என்று சொல்லியிருப்பேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்தப் பதிப்பகம் விளிம்பை வெட்டாமலேயே புத்தகத்தை அனுப்பும். அச்சான தாளை மடித்துத் தைத்து அட்டை போட்டிருப்பார்கள். பக்கங்கள் மேலேயும் ஓரத்திலும் மூடியிருக்கும்; அடியில் மட்டும் கடித உறை போலத் திறந்திருக்கும். கத்தியால் மடிப்பைக் கிழித்துக்கொண்டேதான் படிக்க வேண்டும். ஆகவே ஒருவன் எத்தனை பக்கம் படித்திருக்கிறான் என்பதைப் புத்தகமே காட்டிக்கொடுத்துவிடும். தை மாதம் கல்யாணம். மறுவாரமே பிலோமினா அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். நாற்பதில் ஒன்றுகூடக் கிழிக்கப்படவில்லை. வேலை அதிகம் என்றேன். அவள் சிரித்தாள்.

அந்த வருஷம் ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. நாற்பத்திரண்டாம் வருஷம். திருச்சியிலிருந்து மாமனார் வந்து இறங்கினார். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆபத்து நீங்கும்வரை மகள் தன்னோடு இருக்கட்டும் என்றார். எனக்கு லீவு கிடையாது. மறுக்கவும் தைரியம் கிடையாது.

புறப்படுவதற்கு முன் இரண்டு நாள் பிலோமினா எதையோ எழுதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தை என்னிடம் கொடுத்தாள். பரமபதப் படம் மாதிரி கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பந்தயம். 'பச்சை அட்டைப் புத்தகம் ஒன்று.' 'காக்காய்க்குக் கேட்கும்படி ஓர் அத்தியாயம்.' 'தலைப்பே பிடிக்காத புத்தகம் ஒன்று.' படித்து முடித்தால் ஏணி. படிக்கும்போது தூங்கினால் பாம்பு. உச்சிக் கட்டத்தில் மோட்சம். தாயக்கட்டையை என் கையில் வைத்து, ஏமாற்றக் கூடாது என்றாள்.

ஏமாற்றினேன்.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. தெருவில் பதினாலு வீட்டில் பன்னிரண்டு பூட்டிக் கிடந்தன. கோயிலில் பெஞ்சுகள் காலி. சாமியார் பிரசங்கத்தில் 'பாவிகளே' என்று பன்மையில் சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் டிராமில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்புவேன். கண்டக்டர் டிக்கெட் கேட்பாரே, அதற்காக. இப்படிப்பட்டவன் புத்தகத்தைத் திறந்தால் என்ன ஆகும்? இரண்டாம் பக்கத்திலேயே அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஏதாவது ஒன்று வரும். சொல்ல ஆள் இருக்க மாட்டாள். மூடி வைத்துவிடுவேன். அவள் இல்லாத வீட்டில் என்னால் படிக்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அதனால் தாயக்கட்டையை மட்டும் உருட்டினேன். ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் பதினாறு பக்கம், கடைசிப் பதினாறு பக்கம் கிழித்து மேய்ந்துவிட்டு, திருச்சிக்குக் கார்டு எழுதுவேன். மாமனார் வீட்டில் கார்டு என்றால் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லோருக்கும் உரக்க வாசிப்பார். அந்தச் சபைக்காகவே எழுதினேன். 'நான் பரம சுகம். புத்தகங்களோடு பொழுது போவதே தெரியவில்லை. பச்சை அட்டை நாவலை முடித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.' அவளுடைய கார்டோ மூன்றே வரி. 'இங்கு யாவரும் சுகம். தங்கள் சுகத்துக்கு எழுதவும். எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்?' போகப்போக இரண்டு வரியானது.

கார்டு கொண்டுவரும் தபால்காரர் தேவராஜுக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. (அவரும் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்.) ஒருநாள் சைக்கிளில் இருந்தபடியே கேட்டார்.

"இன்னா சார், அம்மா கார்டு வரவர தந்தி மாதிரி ஆயிக்கினு கீது. எதுனா தகராறா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் 'நீ இல்லாமல் முடியவில்லை, வந்துவிடு' என்று எழுதினால் அதை மாமனார் அல்லவா வாசிப்பார்? ஆகவே மறுபடியும் பரம சுகம் என்று எழுதினேன். அக்டோபரில் மோட்சத்தை அடைந்தேன். அதற்கு அவளிடமிருந்து பதிலே வரவில்லை.

குண்டு விழவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மாமனார் பிலோமினாவைக் கொண்டுவந்து விட்டார். அவள் என்னை விருந்தாளி வீட்டுக்காரரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். மாமனார் காபி குடித்து, ஈஸிசேரில் சாய்ந்து, சோறு இறங்காமல் செய்த அந்தப் பச்சை அட்டையைக் கொடுங்கள் மாப்பிள்ளை என்றார். கொடுத்தேன். வேறு என்ன செய்ய? பதினாறு பக்கம் நிதானமாகப் படித்தார். பதினேழாம் பக்கம் திறக்கவில்லை. புத்தகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, கத்தி இருக்கா?"

அடுப்படி வாசலில் வந்து நின்ற பிலோமினாவின் முகம் என் முகத்தைவிட வெளுத்திருந்தது. கத்தி மடிப்பில் ஓடியது. மடித்த காகிதம் ஒன்று நழுவி அவர் மடியில் விழுந்தது. தலைமையாசிரியர் அல்லவா, கையில் கிடைத்த காகிதத்தைப் படிக்காமல் விட மாட்டார். படித்து முடித்து, நாலாக மடித்து, எழுந்து வந்து என்னிடம் நீட்டினார்.

"இது உங்களுக்கு எழுதினது மாப்பிள்ளை. தெரியாம நான் படிச்சுட்டேன்." குடையை எடுத்துக்கொண்டார். மகளைத் திரும்பிப் பார்த்து, "அல்வா கோயில் வரைக்கும் போயிட்டு வருது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிரித்தேன். பிலோமினாவின் எழுத்து, ஏப்ரல் மாதத் தேதி.

'அப்பா தானாக என்னை அனுப்ப மாட்டார். ஹோட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். அப்பா பார்க்கத்தான் முரடு, உள்ளே அல்வா. அடுத்த ரயிலிலேயே கொண்டுவந்து விடுவார். குண்டு விழுந்தால் இரண்டு பேர் மேலும் சேர்ந்து விழட்டும். எழுதுவீர்கள்தானே?'

கார்டில் எழுத முடியாததை எல்லாம் அந்த இரண்டு நாளில் எழுதி, வெட்டாத பக்கங்களுக்குள் அடிவழியாகச் செருகி வைத்திருக்கிறாள். நான் ஒழுங்காக ஏமாற்றியிருந்தால்கூட, அதாவது பக்கங்களையாவது கிழித்து வைத்திருந்தால்கூட, எல்லாம் கிடைத்திருக்கும். அதற்கும் சோம்பல்.

"மோட்சம் போயிட்டேன்னு எழுதினீங்க" என்றாள். "எல்லாத்தையும் படிச்சுட்டு, நான் வர வேணாம்னுதான் பேசாம இருக்கீங்கன்னு நெனச்சுட்டேன்."

ஆள் நிறைந்த அந்த வீட்டில் எட்டு மாதம் அவள் அந்த நினைப்போடு இருந்திருக்கிறாள். என் தனிமையைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள அதன்பிறகு எனக்கு வாய் வரவில்லை. அழுதேன். அவளும் அழுதாள். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கத்தியோடு எல்லாப் புத்தகங்களையும் கிழித்தோம். மொத்தம் பன்னிரண்டு கடிதம் வைத்தேன் என்றாள். பதினொன்றுதான் கிடைத்தது. எண்ணிப் பார்த்தால் புத்தகமும் ஒன்று குறைகிறது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஆகஸ்டில் பட்டாளத்துக்காரர்களுக்கென்று கோயிலில் புத்தகம் சேகரித்தார்கள். 'படித்து முடித்ததுதான்' என்று பெருமையோடு ஒன்றைத் தூக்கிக் கொடுத்திருந்தேன்.

எங்கோ அஸ்ஸாம் காட்டில் ஒரு சிப்பாய் என் மனைவியின் கடிதத்தைப் படித்திருப்பான். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது பாடம் முடிந்தது, வேலை முடிந்தது என்று சொன்னால், "அப்பா முடிச்ச மாதிரியா, சிப்பாய் முடிச்ச மாதிரியா?" என்றுதான் பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தப் பன்னிரண்டாவதில் என்ன எழுதியிருந்தாய் என்று நான் கேட்காத வருஷம் இல்லை. பிலோமினா வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒரே பதிலைத்தான் சொல்கிறாள்.

"அதுக்குப் பதில் எழுத வேண்டியது அந்தச் சிப்பாய்தான். நீங்க ஏன் அவசரப்படுறீங்க?"